ஒன்பதடி சர்ஃப் போர்டு உள்ளே போகும் கார்: வாங்குமுன் என்னென்ன அளக்க வேண்டும்?

நம் பக்கத்துக் கடலில் அலை கிடையாது. போர்ட் டிக்சனிலும் பினாங்கு பத்து ஃபெரிங்கியிலும் காலை நனைக்கலாம், கச்சான் வாங்கிக் கொறிக்கலாம், அவ்வளவுதான். சுமத்ரா தீவு குறுக்கே படுத்துக்கொண்டு, இந்தியப் பெருங்கடல் அனுப்பும் அலையையெல்லாம் தானே வாங்கிக்கொள்கிறது. சர்ஃபிங் செய்ய வேண்டுமென்றால் கிழக்குக் கரைக்குத்தான் போக வேண்டும்: செராத்திங், கோலத் திரெங்கானுவின் பத்து பூரோக், தெற்கே டெசாரு. அதுவும் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன். தீபாவளிப் பலகாரம் தீரும்போது தொடங்கி, தைப்பூசம் கடந்து கொஞ்ச நாள் ஓடும்.

கோலாலம்பூரிலிருந்து செராத்திங்குக்கு மூன்றரை மணி நேரம். பாதி வழி மழை. காராக் மலைப்பாதையில் லோரிகள் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகும். இந்தப் பயணத்தில் ஒன்பதடிப் பலகையைக் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம், பலர் போகிறார்கள். நானும் ஒரு சீசன் முழுக்க அப்படித்தான் போனேன். மணிக்கு 90-ஐத் தாண்டினால் பட்டை ‘ஊஊ’ என்று ஊளையிடும். தெமெர்லோ ஓய்விடத்தில் பாத்தின் மீன் குழம்பு சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கண் சோற்றில், ஒரு கண் காரில். திரும்பி வந்து கொண்டோவின் கார் நிறுத்துமிடத்தில் நுழையும்போது, உயரக் கம்பியில் போர்டின் ஃபின் (அடிப்பக்கத் துடுப்பு) ‘டக்’கென்று இடித்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் போர்டு உள்ளேதான்.

ஆனால் உள்ளே வைக்கக் கார் தேடிய கதை நீளமானது. ‘பெரிய கார் வாங்கு, எல்லாம் போகும்’ என்று எல்லாரும் சொன்னார்கள். போகவில்லை. வெளியே பெரிதாகத் தெரிந்த சில கார்கள் உள்ளே கைக்கடக்கமாக இருந்தன. பார்க்கச் சாதாரணமாக இருந்த குடும்ப வண்டிகள் சில வாயைத் திறந்து போர்டை விழுங்கின. எதை எப்படி அளந்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி: கார் உண்மையிலேயே வேண்டுமா?

சீசனுக்கு மூன்று நான்கு முறைதான் போவீர்கள் என்றால் இதை இத்தோடு மூடிவிடலாம். செராத்திங்கில் போர்டு வாடகைக்குக் கிடைக்கிறது. கார் மாற்றும் பணத்துக்குப் பல வருடம் வாடகை கொடுக்கலாம். சொந்தப் போர்டில்தான் கால் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர்களுக்கும், எப்படியும் இந்த வருடம் காரை மாற்றப்போகிறவர்களுக்கும்தான் கீழே வருவதெல்லாம்.

போர்டை அளந்துகொள்ளுங்கள், பையோடு

‘ஒன்பதடி’ என்று வாயால் சொல்வது போதாது. செ.மீ.யில் எழுதி வையுங்கள். 8 அடி என்றால் 244 செ.மீ. 9 அடி 274. 9 அடி 6 அங்குலம் 290. 10 அடி 305. என்னுடையது 9 அடி 2 அங்குலம், அதாவது 279.4 செ.மீ. கார்க்காரர்கள் மில்லிமீட்டரில் பேசுவார்கள், போர்டுக்காரர்கள் அடி அங்குலத்தில் பேசுவார்கள். இரண்டுக்கும் நடுவில்தான் ஆள் ஏமாறுவது.

அகலம், லாங்போர்டு எனப்படும் இந்த நீளப் போர்டுகளில் பெரும்பாலும் 22 முதல் 23 அங்குலம், அதாவது 56 முதல் 58 செ.மீ. தடிமன் மூன்று அங்குலத்தை ஒட்டி வரும். ஆனால் தரையில் வைத்து அளந்தால் உயரம் அதைவிடக் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நடு ஃபின் 8 முதல் 10 அங்குலம் இருக்கும். அதை ஒவ்வொரு முறையும் கழற்றத்தான் வேண்டும். ஒரே ஒரு திருகாணிதான், சோம்பல்படாதீர்கள்.

அடுத்து பை. தடித்த மெத்தைப் பை என்றால் நீளத்தில் நாலைந்து அங்குலம் ஏறிவிடும். என் போர்டு பையோடு 290 செ.மீ. வந்தது. இந்தப் பத்து செ.மீ.தான் பல கார்களை என் பட்டியலிலிருந்து அடித்துத் தள்ளியது.

போர்டு இரண்டு ஆள் இடத்தைத் தின்னும். அந்த இரண்டு பேர் யார்?

இதை முதலிலேயே பேசி முடிக்காதவர்கள் கார் வாங்கிய பிறகு வீட்டில் சண்டை போடுகிறார்கள். ஒன்பதடிப் போர்டு ஒரு சாதாரணக் குடும்பக் காரில் உட்கார வேண்டுமென்றால் பின் கதவிலிருந்து முன் இருக்கை வரை நீள வேண்டும். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம். ஆகவே போர்டு இடப்பக்கமாகப் படுக்கும். முன் இடது இருக்கை சாய்ந்துவிடும், அதற்குப் பின்னால் இருக்கும் இடது இருக்கை மடங்கிவிடும். ஏழு பேர் வண்டி என்று காசு கொடுத்து வாங்கியதில், போர்டு ஏறினால் இரண்டு அல்லது மூன்று பேர்தான் மிச்சம்.

இரண்டா மூன்றா என்பதை ஒரு சின்ன விஷயம் தீர்மானிக்கிறது. நடு வரிசை இருக்கை 60-க்கு 40 என்று பிரிந்து மடங்கும் என்று விளம்பரத்தாளில் போட்டிருப்பார்கள். எந்தப் பக்கம் 40 என்று போடமாட்டார்கள். 40 பாகம் இடப்பக்கம் இருந்தால் அதை மட்டும் மடக்கிப் போர்டை வைத்து, மீதி 60-இல் இரண்டு பேர் உட்காரலாம். 60 இடப்பக்கம் இருந்தால் அதை மடக்கியதும் ஓட்டுநருக்குப் பின்னால் ஒற்றை ஆளுக்குத்தான் இடம். காரை நேரில் பார்க்கும்போது இருக்கையின் தையல் எங்கே பிரிகிறது என்று முதலில் பாருங்கள். பெயின்ட் நிறத்தைப் பிறகு பார்க்கலாம்.

குழந்தை இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். பின் இருக்கையில் பெல்ட் 2009-இலிருந்தும், காரில் குழந்தை இருக்கை 2020-இலிருந்தும் கட்டாயம். ‘போர்டை மேலே வைத்துவிட்டு அடியில் பிள்ளையைப் படுக்க வைக்கலாம்’ என்று என்னிடமே ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம். குழந்தை இருக்கை ஓட்டுநருக்குப் பின்னால், வலப்பக்க ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டப்பட்டு, இடப்பக்கம் முழுதும் காலியாக இருக்க வேண்டும். அந்தக் கொக்கி வலப்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டில் உட்கார்ந்தபடி சலிக்கும் கணக்கு

ஷோரூம் ஷோரூமாக அலைவதற்கு முன், காரின் மொத்த நீளத்தைப் பார்த்தே பாதியைக் கழித்துவிடலாம். நான் அளந்த வரையில், முன்சக்கரத்தால் ஓடும் குடும்பக் காரில் எஞ்சின், டேஷ்போர்டு, பின் கதவின் தடிமன் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 160 செ.மீ. போய்விடுகிறது. மிச்சம்தான் பின் கதவிலிருந்து டேஷ்போர்டு வரை உள்ள இடம்.

மைவி 389.5 செ.மீ. நீளம். 160 போனால் 229.5. ஏழரை அடி போர்டு போகும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. 2022-இல் வந்த புது அல்சா 442.5. கழித்தால் 282.5. ஒன்பதடி போகும், ஆனால் பையைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு. புரோட்டோன் எக்ஸோரா 459.2. கழித்தால் 299. என் 290-க்கு மூச்சுவிட இடம் இருக்கிறது.

இது சல்லடைதான், தராசு இல்லை. பழைய இன்னோவா போல் பின்சக்கரத்தால் ஓடும் வண்டிக்கு முன்மூக்கு நீளம், அதில் 170, 180 கூடக் கழியுங்கள். எஸ்யூவிகளுக்கும் அப்படியே. பானெட் உயர்ந்து கம்பீரமாக நிற்கிறதே, அந்தக் கம்பீரத்துக்கான இடம் உள்ளேயிருந்துதான் போயிருக்கிறது.

இந்தக் கணக்கில் போர்டு பத்து செ.மீ. இடித்தால் உடனே மனசு ஒரு சமாதானம் சொல்லும்: ‘கோணலாக வைத்தால் போய்விடும்.’ பள்ளிக்கூடத்தில் படித்த பித்தகோரஸ் வேறு துணைக்கு வருவார். உள்ளே 250 செ.மீ. நீளம், 100 செ.மீ. அகலம் என்றால் மூலைக்கு மூலை 269 வருமே, 19 செ.மீ. லாபமாச்சே என்று. அது குச்சிக்கு. போர்டுக்கு 57 செ.மீ. அகலம் இருக்கிறது. அதைக் கோணலாகத் திருப்பினால் அதன் தோள்கள் இரண்டு பக்கமும் முட்டும். காகிதத்தில் செவ்வகம் வரைந்து பார்த்தேன், பத்து டிகிரி திருப்பியதும் லாபத்துக்குப் பதில் நஷ்டம்தான் வந்தது. மூக்கும் வாலும் கூர்ந்திருப்பதால் நடப்பில் நாலைந்து செ.மீ. தேறும், அவ்வளவே. வாலைத் தூக்கி மூக்கை இறக்கிச் சாய்ப்பதிலும் இதே கதைதான். 250-க்கு 60 செ.மீ. உயர்த்தினால் மூலைவிட்டம் 257. ஏழு செ.மீ.க்காக ஓட்டுநரின் காதோரம் பலகை.

போலிப் போர்டு ஒன்று செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். உண்மையான போர்டை ஷோரூமுக்கு எடுத்துப் போனால், கால் வழுக்காமலிருக்க அதில் தேய்த்த மெழுகு ஒட்டும், புதுக்காரில் கீறல் விழும், நமக்கும் பதற்றம். அளவுநாடாவை மட்டும் எடுத்துப் போனாலோ, நாடா வளையும், பொய் சொல்லும்.

ஹார்ட்வேர் கடையில் மெல்லிய பிவிசி தண்ணீர்க் குழாய் ஒன்று வாங்கி, பையோடு சேர்ந்த நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மின்சாதனக் கடையில் கெஞ்சினால் குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டிகள் சும்மாவே கிடைக்கும். அட்டையில் போர்டின் உருவத்தை வரைந்து மூன்று துண்டாக வெட்டுங்கள். குழாயையும் நடுவில் அறுத்து இணைப்பான் போட்டுவிட்டால் எல்லாம் பழைய காரிலேயே அடங்கும். ஷோரூம் வாசலில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளலாம்.

நான் முதல் ஷோரூமுக்குள் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நுழைந்தபோது காவலாளித் தம்பி ஓடி வந்தார்.

“பைப் வேலையா அண்ணே? பின்னால வாசல் பக்கமா போங்க.”

“இல்ல தம்பி, காடி வாங்க வந்திருக்கேன்.”

அவர் குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். விற்பனையில் இருந்த தங்கச்சி இன்னும் நல்ல மாதிரி. “போர்டெல்லாம் தாராளமா போகும்ணே, எங்க வாடிக்கையாளர் ஒருத்தர் படகே ஏத்திட்டுப் போறாரு” என்றார். அட்டையை உள்ளே விட்டோம். கியர் கம்பியைத் தாண்டி ஓட்டுநர் தொடை மேல் வந்து நின்றது. அவரே சிரித்துவிட்டார். பிறகு சாய்விருக்கையின் நெம்புகோலைக் கண்டுபிடித்து, தலையணைகளையெல்லாம் கழற்றி, அரை மணி நேரம் என்னோடு சேர்ந்து முயன்றார். கடைசியில் கார் தோற்றது. ஆனால் எந்தெந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று அங்கேதான் நான் கற்றுக்கொண்டேன்.

அட்டையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள்

பின் கதவு திறப்பின் அகலம் அடியில் தாராளமாக இருக்கும், மேலே போகப்போகக் குறுகும். போர்டு எந்த உயரத்தில் நுழைகிறதோ அந்த உயரத்தில் 60 செ.மீ. வேண்டும். இதில் பெரும்பாலும் பிரச்சினை வராது.

மடக்கிய இருக்கைகளின் மேல் மட்டம்தான் முதல் வில்லங்கம். மூன்றாம் வரிசை தரையோடு மடங்கும். நடு வரிசை அதைவிட ஒரு சாண் உயர்ந்து நிற்கும். சாய்த்த முன் இருக்கை அதற்கும் மேல் புடைக்கும். போர்டு இதில் அதிக உயரமான புள்ளியில்தான் உட்காரும், மீதி அந்தரத்தில் தொங்கும். அந்தப் புடைப்பு சின்னதாக இருந்தால் அடியில் பழைய தலையணை வைத்துச் சமன்செய்யலாம். பெரிதென்றால் பள்ளத்தில் கார் குதிக்கும்போதெல்லாம் போர்டின் நடுவில் அடி விழும்.

முன் இருக்கை எவ்வளவு சாய்கிறது? தலையணையைக் கழற்றி, இருக்கையை முழுதாக முன்னே தள்ளி, பிறகு சாய்த்துப் பாருங்கள். சில கார்களில் பின் இருக்கையின் விளிம்போடு ஒட்டி மெத்தைபோல் விரியும். சிலவற்றில் பாதியிலேயே நின்றுவிடும். அப்படி நிற்கிற காருக்கு எவ்வளவு நீளம் இருந்தும் பயனில்லை.

மூக்கு எங்கே போய் நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது. மூன்று இடம் உண்டு. டேஷ்போர்டின் மேல் ஏற்றிக் கண்ணாடியில் முட்ட வைத்தால் 40 செ.மீ. கூடக் கிடைக்கும், பலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். நான் செய்யமாட்டேன். அந்த டேஷ்போர்டுக்குள் காற்றுப்பை இருக்கிறது. அது வெடித்தால் போர்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, இடது கால்வைக்கும் குழிக்குள் மூக்கை இறக்குவது. போர்டின் மெழுகுப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்தால் மூக்கின் வளைவு கீழ்நோக்கித் திரும்பி, கையுறைப் பெட்டிக்கு அடியில் பாந்தமாக நுழையும். மூன்றாவது, இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில் நிறுத்துவது. அதற்குப் போர்டை நிமிர்த்தி வைத்தால் மூக்கு மேலே வளைந்து நடுப்பெட்டியைத் தாண்டும். இந்த மூன்றாவது முறையில் கியரை ‘பி’-யிலிருந்து ‘டி’-க்கும் பின்னுக்கும் இழுத்துப் பாருங்கள். கைபிரேக்கைத் தூக்கிப் பாருங்கள். கை இடித்தால் அந்தக் கார் வேண்டாம்.

கடைசியாக, பின் கதவைச் சாத்துங்கள். அட்டை மடங்காமல், இடையில் மூன்று விரல் நுழைய வேண்டும். பிறகு ஓட்டுநர் இருக்கையில் உங்கள் வழக்கமான நிலையில் உட்கார்ந்து இடதுபக்கக் கண்ணாடியைப் பாருங்கள். போர்டு சன்னல் விளிம்புக்குக் கீழே படுத்திருந்தால் மறைக்காது. பக்கவாட்டில் நிமிர்ந்து நின்றால் மறைக்கும்.

எந்தக் கார்?

ஹோண்டா ஜேஸும் அதன் இடத்துக்கு வந்த சிட்டி ஹேட்ச்பேக்கும் சிறிய கார்களில் புத்திசாலிகள். முன் இருக்கை பின்னோக்கிச் சாய்ந்து பின்வரிசையோடு சேரும் அமைப்பு அவற்றில் பிறவியிலேயே உண்டு. ஏழடிப் போர்டுக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்பதடிக்கு இல்லை.

அல்சா, எக்ஸோரா இரண்டும்தான் நம் சம்பளத்துக்கு நடைமுறையானவை. அல்சாவில் 9 அடியே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸோரா வயதானது, எண்ணெய் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஆனால் உள்ளே இடம் தாராளம். 2020-இல் இங்கே வந்த எக்ஸ்பாண்டர் 447.5 செ.மீ., கணக்கில் இரண்டுக்கும் நடுவில் வருகிறது.

இன்னோவா ஆசைப்பட வைக்கும் வண்டி. ஆனால் பழைய இரண்டு தலைமுறைகளிலும் மூன்றாம் வரிசை தரையில் மடங்காது, இரண்டு பக்கச் சுவரிலும் ஏறித் தொங்கும். நடுவில் மிஞ்சும் அகலத்தை அளக்காமல் வாங்காதீர்கள்.

செரெனாவிலும் பின் இருக்கை சுவரில்தான் தொங்கும், ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. நடு வரிசையில் இருக்கைகளுக்கு இடையே நடைபாதை இருக்கிறது. போர்டைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தினால் தடிமன் ஒரு சாண்கூட இல்லை. இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாவது ஆள் மாதிரி நிற்கும், இருபுறமும் ஆட்கள் உட்காரலாம். நான்கு பேரும் போர்டும் போக வேண்டிய குடும்பத்துக்கு இதைவிட நல்ல யோசனை நான் பார்க்கவில்லை. போர்டு சாயாமல் கட்டத் தெரிய வேண்டும்.

அல்ஃபார்ட், வெல்ஃபயர் ‘ரீகண்டிஷன்’ வண்டிகளைப் பற்றி நண்பர்கள் கேட்கிறார்கள். நடு வரிசையில் சிம்மாசனம் போல் இருக்கை வைத்த வகையில், சிம்மாசனம் மடங்காது. போர்டு வெளியே, நீங்கள் உள்ளே.

ஹைலக்ஸ் போன்ற இரட்டைக் கேபின் டிரக்கின் பின்தட்டு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். போர்டின் பாதி வெளியே தொங்கும். ‘உள்ளே’ என்ற நம் கணக்கில் அது சேராது.

மிச்சமிருப்பது வேன். ஹையேஸ் வெறும் 469.5 செ.மீ. நீளம்தான், எக்ஸோராவைவிட ஒரு சாண்கூடக் கூடுதலில்லை. ஆனால் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால் மூக்கே கிடையாது. நம் 160 கழிக்கும் கணக்கு இதில் செல்லாது. சரக்குத் தளமே மூன்று மீட்டர் அளவில் கிடைக்கும், இரண்டு மூன்று லாங்போர்டுகளை அடுக்கலாம். என்வி200 வெளியே 440 செ.மீ. இருந்தாலும் இருக்கைக்குப் பின்னால் இரண்டு மீட்டர் சொச்சம்தான். வேன் என்ற பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்.

வேனுக்குத் தாளும் அதிகம். பேனல் வேன் சரக்கு வாகனம். வர்த்தக வாகனமாகப் பதிவானால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பின்னால் இருக்கை போடுவது, சன்னல் வெட்டுவது எல்லாவற்றுக்கும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல் வேண்டும். பழைய வேன் விற்பவர் ‘அதெல்லாம் ஓடிடும் பாஸ்’ என்பார். ஓடும், சாலைத் தடுப்பில் நிறுத்தும்வரை. வாங்குமுன் பதிவுத் தாளில் வண்டியின் வகை என்னவென்று படித்துப் பாருங்கள். கொண்டோவில் இருப்பவர்கள் கூரை உயரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணக் கூரை ஹையேஸே 198 செ.மீ.

பின் கதவைத் திறந்து வைத்து ஓட்டலாமா?

கூடாது. இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். மைவி காலத்தில் மச்சானும் நானும் போர்டை உள்ளே திணித்து, வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாலோடு பின் கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினோம். விடியற்காலை நாலரை மணி, சன்னல் மூடி ஏசி போட்டிருந்தது. கெந்திங் செம்பா சுரங்கம் வருவதற்குள் இரண்டு பேருக்கும் தலைவலி. தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். பெந்தோங் தாண்டியதும் மச்சான், “என்னடா, உள்ள லோரி வாசம் வருது?” என்றபோதுதான் உறைத்தது. ஓடும் காரின் பின்னால் காற்று சுழலும், நம் புகைக்குழாயின் புகையையே திறந்த கதவு வழியாக உள்ளே இழுக்கும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. எங்களுக்கு வாசம் வந்தது எங்கள் நல்ல நேரம். ஓரமாக நிறுத்தி, எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் மீதி வழியைப் போனோம்.

கட்டுவது

உள்ளேதானே இருக்கிறது என்று கட்டாமல் விடுகிறவர்கள் அதிகம். கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கி.மீ. போகும்போது திடீரென்று பிரேக் அடித்தால் கார் நிற்கும், போர்டு நிற்காது. கொக்கிப்பல் வைத்த பட்டை இரண்டு போதும். ஒன்று பின்னால், சாமான் இடத்தின் தரைக் கொக்கிகளில். இன்னொன்று நடுவில், ஐசோஃபிக்ஸ் கம்பி வழியாக. முன் இருக்கையின் பெல்ட்டை போர்டின் மேலாக இழுத்து மாட்டிவிடுங்கள். போர்டின் எடையை ஆள் என்று நினைத்துக் கார் ‘டிங் டிங்’ அடிப்பதும் நின்றுவிடும். பார்க்கும் கார்களில் தரைக் கொக்கி நான்கு இருக்கிறதா என்று எண்ணுங்கள். மலிவான ரகங்களில் சில சமயம் இருக்காது.

வெயில், மெழுகு, உப்பு

வெயிலில் நிறுத்திய காருக்குள் மெழுகு உருகும். என் பழைய காரின் இருக்கையில் வெள்ளையாக ஒரு திட்டு, தேங்காய் வாசத்தோடு, கடைசிவரை போகவே இல்லை. அடியில் பழைய பெட்ஷீட், அதற்கும் அடியில் தார்ப்பாய். மெழுகைவிடப் பெரிய கவலை போர்டு: எப்போக்சி பூசிய இபிஎஸ் நுரைப் போர்டு என்றால் சூட்டில் உள்காற்று விரிந்து, தோல் கொப்புளித்துப் பிரியும். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது மரநிழல் கிடைக்காவிட்டால் போர்டை வெளியே எடுத்து நிழலில் சாய்த்து வையுங்கள். ஆகவே கண்ணாடி அதிகம் வைத்த, கூரையே கண்ணாடியான வண்டிகளை நான் தவிர்ப்பேன்.

ஈரப் போர்டின் உப்புத்தண்ணீர் இருக்கைத் தண்டவாளத்தில் இறங்கினால் இரண்டே சீசனில் துரு. பழைய கார் வாங்குகிறவர்கள் சாமான் இடத்தின் கம்பளத்தைத் தூக்கி, தண்டவாளத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். எனக்குக் காட்டிய ஒரு வண்டியில் கம்பளத்தைத் தூக்கியதும் மீன் வாசம் முகத்தில் அடித்தது. முந்தைய சொந்தக்காரர் பாசாரில் மீன் வியாபாரம். உரிமை மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் வண்டி தேறிவிடும், ஆனால் அந்த வாசத்தோடு காலம் தள்ளப்போவது நாம்.

கையெழுத்துப் போடுமுன் ஒரு நாள் வாடகை

ஷோரூமில் அரை மணி நேரம் பார்ப்பது வேறு, மழையில் மூன்றரை மணி நேரம் ஓட்டுவது வேறு. நினைத்திருக்கும் அதே வகைக் காரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, உண்மையான போர்டை ஏற்றி, ஒரு முறை காராக் வரை போய்த் திரும்புங்கள். எங்கே கிறீச்சிடுகிறது, எங்கே முழங்கை இடிக்கிறது, பின் இருக்கையில் இருப்பவருக்குக் கழுத்து எப்படி வலிக்கிறது என்றெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். நாளை மட்டும் பார்த்து எடுங்கள். நான் தைப்பூசத்துக்கு முந்தின நாள் எடுத்தேன். பத்துமலை ஓரமாக எம்ஆர்ஆர்2-இல் ஊர்ந்து கோம்பாக் டோலை எட்டுவதற்குள் வாடகை நேரத்தில் பாதி போய்விட்டது.

கடைசியில் நான் எடுத்தது ஒரு பழைய எக்ஸோரா. போர்டு இடப்பக்கம், மூக்கு கால்குழிக்குள், மனைவி எனக்குப் பின்னால். அவள் கேட்டது ஒன்றுதான்: பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வரத்தானே கல்யாணம் பண்ணினோம், இப்போது டாக்சியில் போகிற மாதிரி இருக்கிறதே? அதற்கு என்னிடம் பதில் இல்லை. போகும்போது போர்டு உள்ளே, வரும்போது பட்டையைப் போட்டுக் கூரையில் என்று ஒரு உடன்படிக்கைக்கு வந்திருக்கிறோம். உயரக் கம்பிக்கு முன்னால் இறங்கி ஃபின்னைக் கழற்றுவது என் வேலை. அந்தப் பிவிசி குழாய் இப்போது பால்கனியில் துணி காயப்போடும் கொடி. அளந்து பார்க்க வேண்டுமென்று நண்பர் ஒருவர் இரவல் கேட்டார், அம்மா தரமாட்டேன் என்றுவிட்டார்.